ஜெரிக்கோவின் இடம் காலியாகிறதாம்

ஆண்டர்சன், இண்டியானா
ஏப்ரல், ஞாயிறு மாலை

அன்பு மகன் ஜெரிக்கோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கும் ஒன்றுமில்லை. சமையலறைக் கூரை ஒழுகுவதைக்கூட ஒருவழியாக நிறுத்திவிட்டார்கள். உன் கல்லூரிப் பக்கம், மொன்டானாவில், இன்னும் பனி இருக்கிறது என்று செய்தியில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன் இருக்கும்போது தாளில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நீ போனை எடுக்கும்போதெல்லாம் உன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். நீ 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

உங்கள் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர் க்ளைன் போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தாராம். மொன்டானாக்காரருக்கு இந்தப் பக்கம் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, உட்காரச் சொன்னேன். நான் சுட்டு வைத்திருந்த க்ரீம் பை இனிப்பில் இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "ஜெரிக்கோ மாதிரி ஒரு பையன் கிடைக்கறது கஷ்டம்ங்க. எங்களுக்கு ரொம்ப நல்ல பையனா இருந்தான்" என்றார். இருந்தான்! செத்துப்போனவனைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குக் கையில் இருந்த தட்டு கீழே விழாததுதான் பாக்கி.

வாசல்வரை போனவர் திரும்பி, "அவன் எங்க போனாலும் நல்லா வருவான்ங்க" என்றார். "அவன் எங்க போறான்?" என்று கேட்டேன். "ஐயோ, பொதுவா சொன்னேன்" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. பேருந்து அலுவலகத்தில் உட்கார்ந்து, பள்ளிப் பேருந்து ஏன் தாமதம் என்று ஓட்டுநர்கள் சொல்லும் கதைகளை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். ஒரு மனிதர் எந்த இடத்தில் வாயை மூடுகிறார் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இதோடு போயிருந்தால் விட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் வறுவல் விருந்து. வெர்லீன் அக்கா இண்டியானாபோலிஸிலிருந்து தன் தங்கை மகனைக் கூட்டி வந்திருந்தாள். கேம்டன் என்று பெயர். பள்ளி கடைசி வருடம், நெட்டையாக, மரியாதையாக இருக்கிறான். எந்தக் கல்லூரிக்கு ஆடப் போகிறாய் என்று கேட்டேன். உன் கல்லூரியின் பெயரைச் சொன்னான். "அங்க பந்து கொண்டுபோற இடம் காலியாகுதாம் ஆன்ட்டி. க்ளைன் சார் செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்கு வந்து சொன்னார்" என்றான். உன் இடம், ஜெரிக்கோ. நான் யாருடைய அம்மா என்று வெர்லீன் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, க்ளைன் என்னைப் பார்க்க வரவில்லை. அவனைப் பார்க்க வந்த வழியில் என் வீட்டு இனிப்பைச் சாப்பிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் நடந்தது. ஓக்லஹோமாவில் ஹார்லன் ஸ்டேட் என்று ஒரு கல்லூரியாமே, அங்கே கூடைப்பந்து அணியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் தேன் ஒழுகியது. "உங்க பையனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்மா?" என்று கேட்டாள். என் நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டேன். "உங்க குடும்பத்துலதாம்மா" என்றாள். குடும்பம் என்றால் யார்? டோலிடோவில் இருக்கும் உன் அப்பாவா? அவருக்கு என் நம்பர் தெரிந்திருந்தால் உன் பிறந்தநாளுக்காவது கூப்பிட்டிருப்பார்.

ரோஸ்கோ மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "இந்தக் காலத்துல நம்பர் கிடைக்கறதெல்லாம் ஒரு விஷயமாக்கா?" என்று சிரித்தான். அன்று கோழி பொரித்திருந்தேன். அவசர வேலை என்று கிளம்பிவிட்டான். உன் மாமா என் வீட்டில் சாப்பிடாமல் போய் நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

அவர்கள் உன்னை மெதுவாக வெளியே தள்ளுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பதியும் அந்தப் போர்ட்டலில் உன் பெயரைப் போட்டுவிடாதே. வேறு கல்லூரிக்குப் போகத் தயார் என்று ஊருக்கே சொன்ன பிறகு பழைய இடத்தில் யாரும் உன்னைக் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஹால்வர்சனிடம் நேரே போய்க் கேள். கண்ணைப் பார்த்துக் கேள்.

கர்த்தர் உன்னோடு இருக்கட்டும்.

உன் அம்மா,
ஒடெஸ்ஸா


ஆண்டர்சன்
மே மாதம்

அன்புள்ள ஜெரிக்கோ,

என் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே பெயரைப் போட்டுவிட்டாய் என்று நீ போனில் சொன்னபோது நான் உன்னைத் திட்டவில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"அவங்கதாம்மா முதல்ல என்னை வேண்டாம்னாங்க" என்றாய். உன்னிடம் நேரே சொன்னார்களா என்று கேட்டேன். "இல்ல, மாமாவுக்குத் தெரிஞ்சவங்க சொன்னாங்க. மாமா எல்லாத்தையும் பாத்துக்கறார், நீ டென்ஷன் ஆகாதே" என்றாய். அதற்குப் பிறகுதான் எனக்கு டென்ஷனே வந்தது.

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஹால்வர்சனைக் கூப்பிட்டேன். மூன்று பேரைத் தாண்டித்தான் அவரிடம் பேச முடிந்தது. என் மகனை ஏன் விரட்டினீர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் விரட்டலம்மா. சீசன் முடிஞ்ச உடனே உங்க தம்பி கூப்பிட்டார். ஜெரிக்கோ கிளம்பறான், அவங்கம்மா முடிவு பண்ணிட்டாங்க, அவன்கிட்ட நேரா கேட்டு சங்கடப்படுத்தாதீங்கன்னார். நான் என்ன பண்றது? அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஆள் வேணும்ல?" என்றார். அதனால்தான் கேம்டனிடம் போயிருக்கிறார்கள்.

நான் முடிவு செய்தேனாம்!

உனக்குப் புரிகிறதா? உன் மாமா அவர்களிடம் போய் நீ கிளம்புகிறாய் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு அவர்கள் வேறு ஆள் தேடினார்கள். உன்னிடம் வந்து, பார், உன் இடத்துக்கு வேறு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு நீ கிளம்பினாய். இரண்டு பக்கமும் சொன்னது பொய். சொன்ன பிறகு இரண்டும் நிஜமாகிவிட்டது.

சனிக்கிழமை ரோஸ்கோவின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அவன் பயிற்சி கொடுக்கும் கோடைகால அணிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் விசிலைக் கழற்றிவிட்டான். "பசங்க முன்னாடி வேணாம்க்கா" என்று பந்துகள் அடுக்கும் அறைக்குள் கூட்டிப்போனான்.

"ஹால்வர்சன்கிட்ட என் பேரைச் சொல்லிப் பொய் சொன்னியா?" என்றேன்.

"பொய் இல்லக்கா. நாளைக்கு நடக்கப் போறதைக் கொஞ்சம் முந்திச் சொன்னேன்."

"நடக்கப் போறதா, நீ நடத்தி வச்சதா?"

காற்றுப்போன ஒரு பந்தை எடுத்து அமுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஹார்லன் ஸ்டேட்காரர்கள் உன்னைக் கூட்டி வந்தால் அவனையும் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இந்த ஊர்ல நான் வளத்துவிடாத பையன் உண்டாக்கா? எல்லாரும் போயிட்டாங்க. டிவியில அவங்க ஆடறதைப் பாத்துக்கிட்டு நான் இன்னும் இங்க தரை துடைக்கிறேன். பென்ச்சுல உக்கார ஒரு நாற்காலி குடுக்கறேங்கறாங்க. முதுகுல என் பேர் போட்ட சட்டை. ஜெரிக்கோவுக்கும் அங்க பெரிய அரங்கம், பெரிய கூட்டம். யாருக்குக்கா நஷ்டம்?"

உனக்குக் குளிரில் ஷூ கிழிந்தபோது தன் ஷூவைக் கொடுத்துவிட்டுச் செருப்போடு வண்டி ஓட்டியவன் அவன். எந்த ஊர்ப் போட்டிக்கும் உன்னை அழைத்துப் போனவன். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் இன்னும் வலித்தது. "யாருக்கு நஷ்டம்னு அவன்கிட்டயே கேக்கறேன். நீ பண்ணதை இன்னைக்கே சொல்லிடறேன்" என்று திரும்பினேன்.

"சொல்லு. அவனுக்குத் தெரியும்" என்றான்.

வண்டியில் வந்து உட்கார்ந்து சாவியைப் போட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

எது தெரியும் உனக்கு, ஜெரிக்கோ? மாமாவுக்கு அங்கே வேலை கிடைக்கும் என்பது தெரியுமா? அது தெரிந்திருந்தால் எனக்கு வருத்தம்தான், கோபமில்லை. அவனுக்காக நீ போக நினைத்திருந்தால் அது உன் மனசு. ஆனால் என் பெயரைச் சொல்லி உன் பயிற்சியாளரை ஏமாற்றியதும் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் போனில் என்னைச் சமாதானப்படுத்தினாயா? ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன். க்ளைன்மேல், அந்தத் தேன் குரல்காரிமேல், பாவம், மீன் சாப்பிட்ட அந்தப் பிள்ளைமேல்கூட. உன்மேல் சந்தேகப்பட எனக்குத் தெரியாது. பழக்கமில்லை. நீயே வந்து சொல்.

ஹால்வர்சன் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அவனே கூப்பிட்டுப் பேசினா அவனோட படிப்பு உதவித்தொகை அப்படியே இருக்கும். ஆனா கேம்டன் கையெழுத்துப் போட்டாச்சு. முதல் அஞ்சு பேர்ல இடம் தர்றேன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆடித்தான் வாங்கணும்" என்றார். நீ எங்கே போகிறாய் என்பது உன் முடிவு. அதை உன் வாயால் சொல், வேறு எவன் வாயாலும் வேண்டாம்.

உன் அம்மா


ஆண்டர்சன்
ஜூலை

என் ஜெரிக்கோவுக்கு,

மொன்டானாவுக்குப் பத்திரமாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தாய் என்று அறிந்தேன். உன் படுக்கையை இன்னும் மடிக்கவில்லை. நீ விட்டுப்போன சாம்பல் நிறச் சட்டையைத் துவைத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நீ வந்திருந்தபோது நான் அதிகம் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன். சமையலறையில் நின்று ஹால்வர்சனைக் கூப்பிட்டு, "சார், நான் யார்கிட்டயும் கிளம்பறேன்னு சொல்லச் சொல்லல. ஆனா உங்ககிட்ட கேக்காம கிளம்பினது என் தப்பு. திரும்ப வரலாமா?" என்று நீ கேட்டதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். உன் குரல் உடையவில்லை. எனக்குத்தான் உடைந்தது.

நீ வரவில்லை என்றதும் ஹார்லன் ஸ்டேட்காரர்கள் இரண்டே வாரத்தில் ஜார்ஜியாவிலிருந்து ஒரு பையனைப் பிடித்துவிட்டார்களாம். அந்தப் பையனோடு அவனுடைய அண்ணனும் போகிறானாம், வேலைக்கு. ரோஸ்கோவை அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவே இல்லை. இவன் கூப்பிட்டாலும் எடுப்பதில்லையாம். வெர்லீன்தான் சொன்னாள். கேம்டன் உன்னைப் பற்றிப் பயந்துகொண்டிருக்கிறானாம், அதையும் சொன்னாள். அவனிடம் முறைத்துக்கொள்ளாதே. அவன் ஒன்றும் திருடவில்லை. காலி என்று சொன்ன இடத்துக்கு வந்தான். அவ்வளவுதான்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொன்னாய். "வேலை விஷயம் தெரியும்மா. மத்தது தெரியாது." பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாய், எனக்கு முதுகு காட்டி. குழாயை மூடாமல் சொன்னாய். நான் உன் தோளைத் தொட்டுத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. மத்தது தெரியாது. சரி. நான் அதை எடுத்துக்கொண்டேன். இனி அதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு இல்லை. நீயும் எடுக்காதே.

ரோஸ்கோ சர்ச்சுக்கு வருவதில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதையும் நிறுத்திவிட்டானாம், கூடத்தின் விளக்கு எரிவதில்லை. போன ஞாயிறு கடைக்குப் போகும்போது அவன் வீட்டு வழியாகப் போனேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான், வாசலிலேயே, எங்கேயும் கிளம்பாமல். அவன் என்னைப் பார்த்தான். நான் வண்டியை நிறுத்தவில்லை. என்னால் இன்னும் முடியவில்லை, மகனே.

நீ அவனைக் கூப்பிடு. ஆட்டத்தைப் பற்றி ஏதாவது கேள். இடது கையால் பந்தைத் தட்டுவது சரியாக வரவில்லை என்று சொல், அவன் பேச ஆரம்பித்துவிடுவான். நான் கூப்பிடச் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும், உன் நாவையும் காக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
ஒடெஸ்ஸா