பொய்த்துப்போன சந்தேகம்

அண்ணா,

இன்று மத்தியானம் பக்கத்து மேசைப் பெண் நெஞ்செரிவுக்கு ஒரு மாத்திரையைச் சப்பினாள். சுண்ணாம்பும் மின்ட்டும் கலந்த அந்த மணம் வந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. கடைசி வருடம் உங்கள் காருக்குள் அந்த மணம்தான் இருந்தது. ரோவில் வீட்டிலிருந்து என்னை வேலைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும் வழியெல்லாம் சப்பிக்கொண்டே வருவீர்கள்.

வயிற்றுப் புற்றுநோயைத் தேடி எடுக்கும் எக்ஸ்ரே படங்களை எங்கள் வேலையிடத்தில் கணினி படிக்கிறது. நோயில்லாதவர்களை அது வீணாகச் சந்தேகப்படாமல் இருக்கப் பழக்குவது எங்கள் குழுவின் வேலை. இதை நான் முதலில் சொன்னபோது குசினிக் கதிரையில் இருந்தபடி சிரித்தீர்கள். ஜப்பானில் தொழிற்சாலையில் நின்ற காலத்துக் கதை அப்போதுதான் வந்தது. வெள்ளைக் கரைசலைக் குடிக்கத் தந்து, ஏப்பம் விடக் கூடாது என்று சொல்லி, மேசையில் போட்டு உங்களை உருட்டி உருட்டிப் படம் எடுத்தார்களாம். பிறகு, சந்தேகமாக இருக்கிறது என்றார்களாம். வாய்வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் நாள்வரை உங்களுக்கு நித்திரை இல்லை. அம்மாவுக்குச் சொல்லாமல், செத்தால் உடலை ஊருக்கு அனுப்ப என்ன வழி என்று அறைக்கூட்டாளியிடம் விசாரித்து வைத்தீர்கள். கடைசியில் ஒன்றுமில்லை. வயிற்றின் ஒரு மடிப்பு படத்தில் கட்டிபோலத் தெரிந்திருக்கிறது.

“உன்ர மெஷினுக்குச் சொல்லு, சும்மா ஆக்களை வெருட்ட வேண்டாமெண்டு,” என்றீர்கள்.

பின்னர் சாப்பாடு இறங்காமல் நீங்கள் மெலிந்தபோது, இங்கே டொக்டர் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார். நீங்கள் போகவில்லை. நான் கெஞ்சினேன். அண்ணி அழுதார்.

“அங்கையும் உப்பிடித்தான் சொன்னவங்கள். பிறகு பாத்தால் ஒண்டுமில்லை.”

ஒருவழியாகச் சம்மதித்துப் போனபோது புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தமுறை உண்மையாத்தான் சொல்லியிருக்கினம், என்ன?” என்று கேட்டீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு ஜப்பானிலிருந்து எங்களுக்குப் பழைய படங்கள் வந்தன. எல்லாமே முதலில் சந்தேகப்பட்டு, பிறகு நோயில்லை என்று தெரிந்தவை. பெயர்களை எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் திறக்கும்போது, இது நீங்களோ என்று ஒரு கணம் கை நின்றுவிடுகிறது. கூடப் பிறந்தவனின் வயிற்றை எப்படி அடையாளம் காண்பது?

சென்ற வாரம் அவற்றில் ஒரு படத்தைக் கணினிக்குக் கொடுத்தோம். மடிப்பொன்று கட்டிபோலத் தெரிந்த படம். ஒன்றுமில்லை என்றது. குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் எழுந்து வெளியே போய் நின்றேன். அந்தப் பதில் சரியானது, அண்ணா. ஜப்பானில் அன்றைக்கே அதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், இங்கே டொக்டர் சொன்னதை நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

இன்னும் திறக்காத படங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உங்களைத்தான் தேடுகிறேன். நோயில்லாத உங்களை.