பக்கத்து சீட்டு

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் உன் அண்ணன் வீட்ல நல்லா சாப்பிட்டு நல்லா தூங்குவன்னு நம்புறேன். ஒரு வண்டி பட்டறையை விட்டு வெளிய போனாத்தான் உன் தையல் மெஷினும் நீயும் உள்ள வருவீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்ட. நியாயந்தான். எதை விக்கிறதுன்னுதான் புரியல.

நம்ம ரெண்டு கார்ல நாப்பது வருஷத்து ஜெர்மன்காரனைப் பாரு. கட்டம் கட்டமா, ஆபீஸ் கிளார்க் மாதிரி அடக்கமா நிப்பான். முதல் கியரைக் கீழ இழுத்துப் போட்டு மிதிச்சா அப்புறம் தெரியும் சங்கதி. அவனுக்கு ரொம்பப் பின்னாடி பொறந்த ஜப்பான்காரன் வேற ரகம். முதுகுல ரெக்கை, மூக்குல ஓட்டை, நாலு சக்கரமும் இழுக்கும். டர்போ விசிலடிச்சா பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போயிடும். அந்த நாய் குட்டி போட்டிருக்கு. ஒண்ணு உன் செருப்பு மேலதான் தூங்குது. எங்க விட்டேன்? ஆங், ரெண்டும் இனிமே எங்க தேடினாலும் கிடைக்காது. காலையில இவனை வித்துடலாம்னு தோணுது, சாயங்காலம் அவனை. நீயே சொல்லிடேன்.

உன் பட்டறைக்காரன்

மார்ச் 11

என்னங்க,

லெட்டர் கிடைச்சுது. நாய்க்குட்டி வரைக்கும் எழுதியிருக்கீங்க. என் முதுகு எப்படி இருக்குன்னு ஒரு வரி இல்ல. பரவால்ல.

நான் ஒண்ணைச் சொன்னா, "உன்னாலதான் போச்சு"ன்னு ஆயுசுக்கும் குத்திக் காட்டுவீங்க. எனக்கு என்ஜினெல்லாம் தெரியாது. பழைய வண்டியில உக்காந்தா முதுகு வலிக்காது, அவ்வளவுதான் தெரியும். மத்தது உங்க பாடு.

திண்ணையில விட்டுட்டு வந்த என் மெஷின் மேல கூரை ஒழுகுமே, ஒரு சட்டியாவது வைங்க.

உங்க வீட்டுக்காரி

மார்ச் 20

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

சட்டி வெச்சாச்சு. முதுகு எப்படி இருக்கு? கேட்டுட்டேன்.

அபூர்வ வண்டி சேகரிக்கிறவர் ஒருத்தர் வந்தார். ஜெர்மன்காரனைச் சுத்திச் சுத்தி வந்தார். முடிஞ்சுதுன்னு நினைக்கிறப்ப பக்கத்து சீட்டைத் தடவிட்டு, "இது இந்த வண்டி சீட்டே இல்லையே!"ன்னார்.

உனக்கு முதுகுல ஆபரேஷன் ஆச்சே, அப்ப செஞ்சது. ஜெர்மன்காரன் சீட்டு பலகை மாதிரி இருந்துச்சு. ஜப்பான்காரன் சீட்டு முதுகை அணைச்சுப் பிடிக்கும், ஆனா வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அதனால அவன் சீட்டை இவனுக்கும் இவன் சீட்டை அவனுக்கும் மாத்திட்டேன். பொருந்தல. ரெண்டு வண்டித் தரையையும் வெட்டி வெல்டு வெச்சேன்.

ரெண்டுலயும் வெட்டி மாத்தினதை அவர்கிட்ட சொன்னேன். "யோவ், இனிமே ரெண்டையும் எவனும் அபூர்வம்னு வாங்க மாட்டான்யா! யாருக்காகய்யா இப்படிப் பண்ணின?"ன்னார்.

"வீட்டுக்காரிக்கு"ன்னேன்.

"நல்ல ஆளுய்யா நீ"ன்னு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டார். திட்டினாரா பாராட்டினாரான்னு இன்னும் புரியல.

ஆக, எதுவும் வெளிய போகாது. அப்ப நீயும் வர மாட்டியா? ஒருவேளை வர்றதா இருந்தா, எந்த வண்டியில கூப்பிட வரட்டும்?

உன் பட்டறைக்காரன்

மார்ச் 27

என்னங்க,

அந்த சீட்டு வண்டியோடயே வந்ததுன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னா என்ன? அண்ணிகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

எந்த வண்டியும் வேணாம். நீங்க முடிவு பண்றதுக்குள்ள வருஷம் முடிஞ்சுடும். வெள்ளிக்கிழமை பஸ்ல வந்துடுறேன். எதையும் விக்கவும் வேணாம். ரெண்டு பேரும் தார்ப்பாயைப் போத்திக்கிட்டுத் தெருவுல நிக்கட்டும். பட்டறையில ஒழுகாத மூலையில என் மெஷினைப் போடுங்க. மெஷினுக்கு எதிர்ல, நான் உக்காந்து தைக்க, அந்த சீட்டைக் கழட்டிப் போடுங்க.

வெல்டை எந்தப் பக்கமா வெட்டுறதுன்னு கேட்டு இன்னொரு லெட்டர் போட்டுடாதீங்க.

உங்க வீட்டுக்காரி