பாறைமேல் உப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

மலைச்சாலைக்கு அளவெடுக்கும் இந்த இடத்தில் கழிப்பறை கிடையாது. வந்த அன்று ஒரு செடியோரம் ஒதுங்கினேன். மறுநாள் போய்ப் பார்த்தால், ஒரு மலையாடு அந்தச் செடியை வேரோடு கிளறிப் போட்டிருந்தது. மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"ஒண்ணுக்குல இருக்கிற உப்புக்குத்தாம்பா இது அலையுது. செடிமேல போனா செடி காலி. ஓடைப் பக்கமும் போகாத. தள்ளிப் போய் பாறைமேல போ, நக்கிட்டுப் போகட்டும்."

உடனே நம் எலுமிச்சை ஞாபகம் வந்தது. அப்பா தினமும் அதன் அடியிலேயே நிற்பதால்தான் இலை நுனி கருகுகிறதோ? இடத்தை மாற்றி நிற்கச் சொல். பின்னாலேயே ஒரு வாளி தண்ணீரும் ஊற்றச் சொல். இலை தேறுகிறதா என்று பார்த்து எழுது. கொஞ்சம் நீளமாகவே எழுது.

ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். அந்த ஆடு இப்போது தினமும் காலையில் பாறையருகே எனக்காகக் காத்து நிற்கிறது. உப்புக்காகத்தான் என்று தெரியும். இருந்தாலும், நீ கேட்கிற மாதிரியே "சாப்டியா?" என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

உன் மகன்