முதல் பறப்பில் ஏறாதவர்

காட்டு விமானத்தளம், சுரினாம்
03.03.2012

அன்பின் வேணுகா,

நான் சுகம். நீரும் மகள் டிலக்ஷியும் சுகமாயிருக்க வேண்டும். இந்தக் காட்டுக்கு றோட்டும் இல்லை, போனும் பிடிக்காது. கடிதத்தைக்கூட எங்கள் சின்ன விமானம்தான் நகரத் தபாலுக்குக் கொண்டுபோகிறது. இரண்டு மூன்று விமானத்தோடு கம்பெனி நடத்துகிறவர்கள் இந்த நாட்டில் பலர். ஆட்களைச் சாமானோடு தராசில் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள்.

போன கிழமை விமானத்தின் எரிபொருள் குழாயில் வெடிப்புக் கண்டேன். புதுக் குழாய் வர இரண்டு மாதம் செல்லும். முதலாளி பொறுக்கவில்லை. நாடாவைச் சுற்றி இறுக்கிவிட்டு, மாற்றியாயிற்று என்று பதிவேட்டில் கையெழுத்து வைத்தேன். திருத்தின மெக்கானிக் முதல் பறப்பில் கூடவே போகவேண்டும் என்பது இங்கத்தே வழக்கம். அன்று எனக்குக் காய்ச்சல், ஏறவில்லை. ஏறின எட்டுப் பேரும் பத்திரமாய் நகரத்தில் இறங்கிவிட்டார்கள். நீர் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

அன்புக் கணவன்,
பிருந்தன்


கூர், சுவிஸ்
26.03.2012

பிருந்தனுக்கு,

அன்பின் என்று எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு என்ன காய்ச்சல்? டிலக்ஷியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றாலும் காய்ச்சல், என் தம்பியின் கலியாணத்துக்கும் காய்ச்சல். பதினொரு வருசமாக அந்தக் காய்ச்சலை நான் அறிவேன். எனக்கு எழுதின கடிதத்தை ஏற்றிவிட்ட விமானத்தில் ஏற உங்களுக்குப் பயம். அந்த எட்டுப் பேருக்கும் வீட்டில் ஆட்கள் இல்லையோ?

நான் வேலை செய்கிற அல்ட்டர்ஸ்ஹைமில், இந்த முதியோர் இல்லத்தில், ஒரு வயோதிபருக்கு மருந்துக் குளிசை கொடுத்தாலும் கையெழுத்து வைக்கிறேன். கொடுக்காமல் ஒருநாளும் வைத்ததில்லை. உங்களை நினைக்க வெட்கமாயிருக்கிறது.

உங்களோடு கதைத்துப் பிரயோசனமில்லை. இங்கே கூட வேலை செய்கிற டச்சுக்காரி, நான் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் சுரினாமின் அரச மொழியான டச்சில் எழுதித் தந்தாள். உங்கள் கடிதத்தின் பிரதியோடு அதை அந்த நாட்டு விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேற்றே ஃபாக்ஸ் அடித்துவிட்டேன். உங்கள் வேலை போகும். போகட்டும்.

வேணுகா


பரமாரிபோ, சுரினாம்
12.04.2012

வேணுகா,

உமக்கு இப்ப நல்ல சந்தோசமாயிருக்கும். கட்டின மனுசனைக் காட்டிக் கொடுத்துவிட்டீர். என் கடிதத்தையே என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டார்கள். லைசென்சைப் பறித்துவிட்டார்கள். முதலாளி பழி முழுவதையும் என் தலையில் போட்டுவிட்டான்.

அதிகாரிகள் விமானத்தை மறித்து, என்னைக்கொண்டே அந்த நாடாவை அவிழ்ப்பித்தார்கள். குழாய் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. அடுத்த பறப்புக்கு வந்த ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு தராசில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு நாள் வள்ளத்தில் இருந்து நகரத்துக்கு வந்தேன்.

அன்று எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. கூரில் இருந்துகொண்டே அதை நீர் கண்டுபிடித்தீர். அதுதான் எனக்கு உம்மில் கோபம். அது ஆறாது. வீட்டுக்கு வருவேனோ தெரியாது.

டிலக்ஷி கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பிருந்தன்