இங்க்ரிட் தங்கிய அறைகள்

நவம்பர் 12

இன்று நீல்ஸ் எங்கள் தேனிலவுக்கு அறை பிடித்துவிட்டான். என்னை மணந்துகொள்கிறாயா என்று இன்னும் கேட்கவில்லை.

மாலத்தீவில், கடலுக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் வீடு. ஐந்து இரவுகள். காசுக்குப் பதில் ஹோட்டல் பாயிண்டுக்குக் கொடுக்கும் அறைகளை ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால் திறப்பார்களாம். திறந்த அன்றே தீர்ந்துவிடுமாம். ஆகவே அடுத்த அக்டோபர்.

"இப்ப பிடிச்சு வச்சுக்கலாம். வேணாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்" என்றான், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதை?"

"அறையத்தான்."

பிறகுதான் அவனுக்கே உறைத்தது. காதுமடல்கள் சிவந்தன. "சரி, அதையும் கேட்டுடறேன்" என்று எழுந்தான். தரை முழுக்க என் மாணவர்களின் கட்டுரைகள். முழங்காலிட இடமில்லை. நின்றபடியே கேட்டான்.

சரி என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

செயின்ட் பால் நகரில் இந்த வருடத்தின் முதல் பனி. இரண்டு பேரும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தோம். தேதி முதலில், திருமணம் பிறகு. இதில் என்ன தவறு? எனக்குத் தெரிந்த பலரும் இதைவிட அற்பமான காரணங்களுக்காக மணந்திருக்கிறார்கள்.

நவம்பர் 27

நன்றி நாள் விருந்து. நீல்ஸின் அம்மா டார்லீன் வீட்டில். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள்; இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது, இருபது பேருக்குத்தான் தெரியும். மினசோட்டாவை விட்டு அவள் வெளியே போனது ஒரே தடவை, அயோவாவில் அக்காவைப் புதைக்க.

"கடலுக்கு நடுவுலயா? அங்க பால் எவன்டா கொண்டு வருவான்?"

"அதெல்லாம் கொண்டு வருவாங்கம்மா."

"காசு குடுத்துப் போனா ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?"

நீல்ஸ் சொன்னான். டார்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காசுக்கு நான் கார் வாங்கினேன். இன்னும் ஓடுது."

"அதான் நாம காசு குடுக்கலையே! சும்மா போறோம்."

சும்மா. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவன் முகம் எவ்வளவு அழகாக இருக்கிறது. பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் போடுகிறவன். கிழிந்த பனிக்காலணியில் ரொட்டிப் பையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையன். பணக்காரர்கள் தூங்குகிற கட்டிலில் பணக்காரர்களுக்குத் தெரியாமல் ஏறிப் படுக்கப்போகிறான். என்னையும் கூட்டிக்கொண்டு. அவனைக் காதலிக்காமல் எப்படி இருப்பது.

டிசம்பர் 18

புதிய கிரெடிட் கார்டு என் பெயரில் வந்தது. மூன்று மாதத்துக்குள் இதில் ஒரு தொகை செலவு செய்துவிட்டால் பாயிண்ட் மொத்தமாக ஏறுமாம். இனி காய்கறிக்கு நீலம், பெட்ரோலுக்குச் சாம்பல், மற்றதற்கெல்லாம் இது. நீல்ஸ் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டித் தந்திருக்கிறான்.

ஜனவரி 9

விமான டிக்கெட்டுக்கான பாயிண்ட் சரி. கார்டுகளில் சேர்த்தது, எனக்குத் தெரியும். ஆனால் ஹோட்டல் பாயிண்ட்? அது தங்கினால் அல்லவா வரும். நீல்ஸ் வெளியூர் போய் நான் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது கேட்டேன். சாதாரணமாகத்தான்.

"நான் எங்க தங்கினேன்? இங்க்ரிட் தங்கினது" என்றான். சூப்பில் உப்பு போதுமா என்கிற குரலில்.

இங்க்ரிட்டைப் பற்றித் தெரியும். எனக்கு முன்னால் நான்கு வருடம் அவனோடு இருந்தவள். நர்ஸ். அவள் ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போனவள் என்பதும், தொற்றுக்காலம் முழுவதும் ஃபார்கோ, பிஸ்மார்க், சூ ஃபால்ஸ் என்று ஹோட்டல் அறைகளில் இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரவேற்பு மேசையிலும் தன் பாயிண்ட் கணக்கு எண்ணுக்குப் பதில் நீல்ஸின் எண்ணைக் கொடுத்திருக்கிறாள்.

"ஒரே கணக்குல சேந்தாத்தான் சீக்கிரம் ஏறும். அவளுக்கும் தெரியும்."

"ரெண்டு பேரும் எதுக்காகச் சேர்த்தீங்க?"

"இதுக்குத்தான். தேனிலவுக்கு" என்றான். பிறகு, என் முகத்தைப் பார்த்து, "இதே தீவு இல்ல. வேற தீவு."

ஜனவரி 10

வேற தீவு.

ஜனவரி 22

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "கட்டுரையில 'நான்'னு எழுதலாமா மேடம்?" எழுதலாம் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரவு வேலை முடித்து இங்க்ரிட் பகலில் தூங்கியிருப்பாள். திரைச்சீலையின் நடுவே வெளிச்சம் வராமல் துணி கிளிப் போட்டிருப்பாள். நடைபாதையில் துப்புரவு வண்டியின் சத்தம். காலையில் யாரோ ஒருவரின் கையைக் கடைசியாகப் பிடித்திருந்த கை, போர்வைக்கு வெளியே.

இதெல்லாம் கற்பனை. அவள் எப்படித் தூங்கினாள் என்று எனக்கு என்ன தெரியும்.

ஆனால் அந்தத் தூக்கத்தின் மேல்தான் நான் படுக்கப் போகிறேன். அது கற்பனை இல்லை.

பிப்ரவரி 3

கல்லூரி வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

ஒன்று மட்டும் குறித்துவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் இடத்தில், வலியில் பல் கிட்டிப்போயிருக்க, பையைத் துழாவி எடுத்த கார்டைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, துண்டுத் தாள் ஒட்டிய வேறொன்றை எடுத்தேன். இதில் போட்டால்தான் மூன்று மாதக் கெடுவுக்குள் அந்தத் தொகை நிறையும்.

நீல்ஸ் அங்கே இல்லை. யாரும் சொல்லவில்லை. நானே.

பிப்ரவரி 5

வலி. நீல்ஸ் எனக்குத் தலை வாரிவிட்டான். நன்றாக வாருகிறான்.

மார்ச் 15

கட்டு பிரித்தாகிவிட்டது. தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: இங்க்ரிட்டிடம் பேசினாயா?

"பிரியும்போதே பேசிட்டோம். சோஃபா அவளுக்கு, பாயிண்ட் எனக்கு."

"சோஃபாவா!"

"அவதான் 'வச்சுக்கோ'ன்னா. நான் பிடுங்கல, மார்னி. அது என் கணக்குல இருந்தா என்னோடது. அவ என் எண்ணக் குடுக்காம ரெண்டு கணக்காப் பிரிஞ்சிருந்தா எதுக்கும் உதவாமப் போயிருக்கும். அப்படி எத்தன பேர் வீணாக்கறாங்க தெரியுமா?"

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. இது உன் ராத்திரிங்கதான்னு. அவ்வளவுதான்."

"சொல்லி? அவளுக்கு என்ன கிடைக்கும்?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

மார்ச் 29

இங்க்ரிட்டைப் பார்த்தேன். நான்தான் எழுதிக் கேட்டேன். இப்போது மினியாபொலிஸில் நிரந்தர வேலை. ஆஸ்பத்திரிக்கு எதிரே காபிக் கடை. உயரமானவள், உட்கார்ந்ததும் காலணியைக் கழற்றி, காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டாள். என் பக்கத்து நாற்காலி அது.

"சொல்லுங்க. அவன் உங்களையும் கார்டு எடுக்க வச்சுட்டானா?"

சிரித்தோம். அவளுடைய இரவுகளில்தான் எங்கள் தேனிலவு என்று சொல்ல வந்ததைச் சொன்னேன். மனப்பாடம் செய்திருந்தேன், பாதியில் உடைந்துவிட்டது.

"வச்சுக்கோன்னு சொன்னேன், உண்மைதான்" என்றாள். "அன்னிக்கு என் கிட்னியக் கேட்டிருந்தாலும் வச்சுக்கோன்னுதான் சொல்லியிருப்பேன். அவ்வளவு அசதி."

பிறகு காபியைக் கலக்கிக்கொண்டே: "தினமும் காலையில கூப்பிடுவான். ஷிஃப்ட் முடிஞ்சு நான் ரூமுக்கு வந்து சேர்ற நேரம் அவனுக்குத் தெரியும். ஒரு நாள்கூடத் தவறினதில்ல. 'பாயிண்ட் ஏறிடுச்சா பாரு'ம்பான். ரொம்ப நாளைக்கு அவன் கூப்பிடறத நான் வேற மாதிரி நெனச்சிட்டிருந்தேன். நான் வந்து சேந்தேனான்னு கேக்கறான்னு."

அவனை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"நீங்க போகலாமா வேண்டாமான்னு எங்கிட்ட கேக்க வந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"போங்க, போகாதீங்க. உங்க மனசு ஆறணும்னு நான் நல்லவளா இருக்க முடியாது. ஏற்கெனவே நாள் பூரா நல்லவளா இருந்துட்டு வரேன்."

காலணியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, திருப்பிப் பார்த்து, "பயிற்சி செய்யறீங்களா? செய்யுங்க, இறுகிடும்" என்றாள்.

ஏப்ரல் 20

அழைப்பிதழ் அச்சுக்குப் போனது. கட்டணத்தைச் சாம்பல் கார்டில் போட்டேன். தவறான கார்டு. வேண்டுமென்றே. குழந்தைத்தனம்.

ஜூன் 6

நீல்ஸ் கதவைத் திறந்தபடியே கத்தினான்: "முடிச்சிட்டேன்!"

இங்க்ரிட்டுக்கு இரண்டு இரவுகள் பதிவு செய்துவிட்டான். அவள் பெயரில். அவளுக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கு. எங்கள் ஐந்து இரவுகளில் ஒன்றையும் இழக்க வேண்டாம்; அவளுக்கும் கிடைக்கும். மூன்று வாரமாக இதற்கென்றே இரவு பகலாகத் தேடியிருக்கிறான். முகம் பூத்துக் கிடந்தது.

"எங்க?" என்றேன்.

"அங்கதான். அந்தப் பாயிண்ட் வேற எங்க போட்டாலும் பாதி மதிப்புக்கூட வராது."

"எப்போ?"

ஒரு நொடி தயங்கினான். "அக்டோபர்லதான் திறந்திருந்தது. நம்ம கடைசி ரெண்டு நாள். வேற அறைதான், மார்னி! மரப்பாலத்துக்கு அந்தப் பக்கம்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் சிரித்தான், நான் மகிழ்ச்சியில் சிரிக்கிறேன் என்று நினைத்து. பிறகு அவன் மட்டும் நிறுத்திவிட்டான்.

"நீ கேட்டதைத்தானே செஞ்சேன்?"

"அவகிட்ட பேசினியா?"

"மெயில் போயிருக்கும். பதிவானதும் தானாப் போகும்."

ஜூன் 7

இங்க்ரிட்டிடமிருந்து குறுஞ்செய்தி: "உங்க தேனிலவுக்கு எனக்கு அழைப்பு வந்திருக்கு. நீச்சலுடை கொண்டு வரணுமா, சீருடையிலயே வரட்டுமா?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "இனி எனக்கு எதுவும் அனுப்பாதீங்க. ரெண்டு பேரும்."

நீல்ஸ் அந்த இரண்டு இரவுகளையும் ரத்து செய்தான். பாயிண்ட் முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று, தன்னை மறந்து, எனக்கு ஆறுதல் சொன்னான்.

ஜூன் 30

அவன் கெட்டவன் இல்லை. இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று பின்னால் புரட்டிப் பார்க்கவில்லை.

ஏதோ ஒரு காலையில் நானும் எங்கேயோ வந்து சேர்வேன். அவன் கூப்பிடுவான். நான் அதை வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன். அல்லது—இதுதான் பயம்—வேறு மாதிரி நினைக்கக்கூட மாட்டேன். ஏறிடுச்சு என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். பிப்ரவரியில் அந்தக் கார்டைத் தேடிய கை என்னுடையது.

ஆகஸ்ட் 2

மோதிரத்தைக் கொடுத்துவிட்டேன்.

"ஒரு அறைக்காகவா?" என்றான்.

"இல்ல."

"கேன்சல் பண்ணிடறேன். இப்பவே பண்றேன். டுலூத் போவோம். ஏரிக்கரையில கூடாரம் போட்டுக்கலாம்."

மடிக்கணினியைத் திறந்தான். நான்தான் மூடினேன்.

"ஏன் பண்ண விட மாட்டேங்கற? பண்ணாச் சரியாயிடும்ல?" என்றான். அழுதான். அவன் அழுது பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வழித்தடம் இருக்கும் என்று நம்புகிறவனின் அழுகை. நானும் அழுதேன். பிறகு பசித்தது, முட்டை பொரித்துச் சாப்பிட்டோம். பிறகு நான் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 19

புதிய வீடு. ஒரே அறை. ஜன்னலுக்குக் கீழே சலவைக் கடை, சோப்பு வாசனை.

சரியாகத்தான் செய்தேனா?

செப்டம்பர் 8

டார்லீனின் குரல்பதிவு. "பாஸ்போர்ட்டு வந்துடுச்சு கண்ணு. போட்டோவுல திருடி மாதிரி இருக்கேன். எதுக்குப் பாஸ்போர்ட்டுன்னு கேக்காத. கேட்டா எனக்கு வெக்கமா இருக்கும்."

கேட்கவில்லை. புரிந்துவிட்டது: என் இடத்தில் அம்மாவைக் கூட்டிப் போகிறான். சிரிப்பு வந்தது, பிறகு கோபம். இப்போதும் அவை இங்க்ரிட்டின் இரவுகள்தானே. அவன் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், யாருக்கும்.

அக்டோபர் 9

காலைக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டார்லீன் கூப்பிட்டாள். அங்கே சூரியன் இறங்கும் நேரமாம். பின்னால் தண்ணீரின் சத்தம்.

"மார்னி, கண்ணு, நல்லா இருக்கியா? சாப்பாடு பரவால்ல. கட்டில் பூரா பூவக் கொட்டி வச்சிருந்தாங்க. பொண்ணு மாப்பிள்ளன்னு நெனச்சிட்டாங்க. எங்கம்மான்னு இவன் சொல்றான், அந்தப் பையன் அதுக்கும் சிரிச்சிட்டே தலைய ஆட்டறான். என்ன நெனச்சானோ!"

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏரோப்ளேன்ல வரும்போது சொன்னான். இந்த ராத்திரியெல்லாம் யாரோடதுன்னு. எனக்குத் தெரியாது கண்ணு. நான் கேக்கல, அவனா சொன்னான். எறக்கி விடுடான்னேன். அங்க எங்க எறக்கி விடறது? மொத ராத்திரி நான் கட்டில்ல படுக்கல. நாற்காலியில உக்காந்திருந்தேன். விடிஞ்சதும் இங்க்ரிட்டுக்குப் போன் போட்டேன்."

இங்க்ரிட் என்ன சொன்னாள் என்றேன்.

"மொதல்ல திட்டினா. என்னைய இல்ல, அவன. அப்புறம் என்னையும். அப்புறம் அழுதா. அப்புறம், 'டார்லீன், போய்ப் படுங்க. யாராவது ஒருத்தராவது அதுல தூங்குங்க'ன்னா."

"தூங்கினீங்களா?"

"மத்தியானம் வரைக்கும்! என் ஆயுசுல தூங்கினதில்ல அப்படி. எந்திரிச்சப்ப எந்த ஊருன்னே தெரியல."

இங்க்ரிட் வைப்பதற்குள் போனை அவனும் வாங்கிக்கொண்டு மரப்பாலத்தின் கடைசி வரை போய்ப் பேசினானாம். ரொம்ப நேரம். திரும்பி வந்தவன் முகத்தைக் கழுவிக்கொண்டானாம். என்ன பேசினான் என்று அவள் கேட்கவில்லை.

எனக்குத் தராததை இங்க்ரிட் டார்லீனுக்குத் தந்திருக்கிறாள். அது நியாயம் என்று தோன்றியது. வலிக்கவும் செய்தது.

"வெளியதான் இருக்கான். கூப்பிடட்டா?"

வேண்டாம் என்றேன். அவள் வைத்துவிடுவதற்குள், அவன் சாப்பிட்டானா என்று கேட்டேன்.

"மீனு சாப்பிட்டான். பெரிய துண்டா ரெண்டு" என்றாள்.