பத்தொன்பதாம் பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, நான், சின்னவள் வீட்டார் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதித்தான் இத்தனை வருடப் பழக்கம், இந்த முறை அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன். ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதில் நீ கெட்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது தலைவலி என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்தேனே, அது பொய். உன் குரலைக் கேட்டால் என்ன பேசிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

நாங்கள் உன்னைப் பார்க்க வருவதற்கான விசாவுக்கு நீ அனுப்பிய காகிதங்களில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முப்பத்தொரு பக்கத்தையும் ஒரே பிடிஎஃப்பாகத் தூக்கி அனுப்பிவிட்டு, முதல் எட்டுப் பக்கம் போதும்மா, மிச்சத்தை விட்டுடு என்று சொன்னாய். நான் அந்த எட்டைப் பிரிண்ட் எடுத்து, ஓரம் மடங்காமல் அட்டையில் வைத்துக் கொண்டுபோனால் ஏஜென்சிப் பெண் காகிதத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள். அழைப்புக் கடிதம் தனி ஃபைல், வேலைச் சான்று தனி ஃபைல், வீட்டு ஒப்பந்தம் தனி ஃபைல் என்று ஏற்றினால்தான் அவர்கள் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளுமாம். ஆன்லைன்லயே பிரிச்சிடலாம் ஆன்ட்டி, ரெண்டு நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்ற ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். ரெண்டு நிமிஷ வேலைக்கு நான் மாடி வீட்டு டீச்சரைத்தான் பிடித்தேன். அவள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து நம் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு வெப்சைட்டைத் திறந்தாள். நடுவில் ஒரு பெரிய கட்டம், அதில் ஃபைலை இழுத்துப் போட வேண்டும், கீழே இரண்டு வழி, இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை என்று எண் கொடுக்கலாம், இல்லையென்றால் எல்லாப் பக்கத்தையும் தனித்தனியாகப் பிரி என்று சொல்லலாம். ஒண்ணுலேர்ந்து எட்டுன்னு குடுத்துடுங்கம்மா, மீதி எதுக்கு என்றாள் டீச்சர். நான் இரண்டாவதைத்தான் அழுத்தினேன். இருபத்தெட்டு வருடம் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்தவள் நான், ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, கீழே பென்சிலில் எண் போட்டு, எது எத்தனையாவது பக்கம் என்று பட்டியல் எழுதாமல் ஒரு கட்டு என் மேசையைத் தாண்டிப் போனது கிடையாது. அப்பா இதற்காக என்னை எத்தனை கேலி செய்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும், மளிகைச் சீட்டுக்கே பக்க எண் போடுபவள் என்று. அந்தப் பழக்கம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் முப்பத்தொரு குட்டி ஃபைல் வந்து விழுந்தன. டீச்சர் பேப்பர் திருத்த வேண்டும், வேலை முடியும்வரை லேப்டாப் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள், நான் ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று முதல் மூன்று அழைப்புக் கடிதம், நான்கு ஐந்து வேலைச் சான்று, ஆறு முதல் எட்டு வீட்டு ஒப்பந்தம், ஒன்பதிலிருந்து பதினாறு ஏதோ இன்ஷூரன்ஸ் கிளெய்ம். பதினேழைத் திறந்தேன். மேலே ஆஸ்பத்திரி பெயர், கீழே உன் பெயர். முதலில் யாருக்கோ உள்ளதை உன் பெயரில் தவறாக அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பிறந்த தேதியைப் பார்த்தேன், உன்னுடையதுதான்.  குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவி, அவசர அறுவை சிகிச்சை, மார்ச் ஆறிலிருந்து பதினாறு வரை ஆஸ்பத்திரி, அதில் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. மலைப் பக்கம் டிரெயினிங், பேச சிக்னல் கிடைக்காது, மெசேஜ் மட்டும் போடுகிறேன் என்று சொன்னாயே அந்த மார்ச்தான். மகனை ஆபீசில் பொறுக்கி எடுத்து டிரெயினிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே அதே மார்ச். என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன், ஒன்பதாம் தேதி மத்தியானம் "சாப்டேன்மா, நீ சாப்டியா" என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். ஒன்பதாம் தேதி வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. நான் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாக அனுப்பியிருக்கிறேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். பத்தொன்பதாம் பக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அது நீ சேர்ந்தபோது நிரப்பிக் கொடுத்த படிவம், உன் கையெழுத்து, கோடு கோணலாக, அந்த வலியில் எப்படிப் பேனா பிடித்தாயோ. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் நம் வீட்டு ஃபோன் நம்பரில் முதல் நான்கு எண்ணை எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் யாருமில்லை என்று எழுதியிருக்கிறாய்.  அம்மா அப்பா இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போது ஒருவன் இப்படி எழுதுவானா என்று முதலில் கோபம்தான் வந்தது. கோபம் வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. ஏன் அடித்தாய் என்று எனக்குத் தெரியும். போன டிசம்பரில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனதை, தையல் பிரித்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். நீ ஃபோனிலேயே அழுதாய். சொல்லியிருந்தா மட்டும் என்ன, பறந்தா வந்திருப்ப, அங்க உக்காந்து அழுதிருப்ப, அவ்வளவுதானே என்று நான் கேட்டேன். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்தவள் மாதிரி கேட்டேன்.  மூன்று மாதம் கழித்து அந்தப் படிவத்தில் பதில் எழுதியிருக்கிறாய்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மறைத்து மறைத்துத்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று தோன்றியது, மூன்றாம் நாள் காலை காபி குடித்து முடித்ததும் லேப்டாப்பை அப்படியே அவர் முன்னால் தள்ளிவிட்டேன். கத்துவார், நெஞ்சைப் பிடிப்பார் என்று மாத்திரையைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் மெதுவாகப் படித்தார். பிறகு, வீட்டுக்கு வந்தப்புறம் அவனுக்கு வெந்நீர் யாரு வெச்சுக் குடுத்தாங்க என்று ஒன்றே ஒன்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்கு நீதான் பதில் எழுத வேண்டும், அவர் தினமும் தபாலைப் பார்ப்பார். டீச்சர் லேப்டாப்பை வாங்க வந்தபோது, பயப்படாதீங்கம்மா, ஏத்துன ஃபைலை அந்த வெப்சைட் ஒரு மணி நேரத்துல தானே அழிச்சிடும் என்று ஆறுதல் சொன்னாள். அது மறந்துவிடும், நான் என்ன செய்வது.

விசாவுக்கு உள்ள மூன்று ஃபைலையும் ஏற்றியாயிற்று, வந்துசேர்வோம். நான் வரும்போது அந்தத் தழும்பைப் பார்ப்பேன், சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடாதே. சின்னவளிடம் நான் சொல்லவில்லை, நீயே சொல், இனி நம் வீட்டில் யார் உடம்பைப் பற்றியும் அடுத்தவர் வாயால் தெரிய வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெயிட் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிட்டால் மட்டும் சாப்பிட்டேன் என்று எழுது. நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆயுசிலும் கொஞ்சம் எடுத்துக்கொள். முதலில் விட்ட வரியை இப்போது கேட்கிறேன், நீ நலமா? உண்மையை எழுது.

இதோடு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பத்தொன்பதை மட்டும் தனியாகப் பிரிண்ட் எடுத்து, நீ எழுதிய யாருமில்லையைச் சிவப்புப் பென்சிலால் ஒரே கோடாக அடித்து, மேலே நம் எண்ணை முழுவதும் எழுதியிருக்கிறேன். ஆவணத்தில் திருத்தம் செய்தால் செய்தவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது ரெக்கார்டு ரூம் விதி, போட்டுவிட்டேன். அப்பாவும் பேனாவைக் கேட்டு வாங்கித் தன்னுடையதையும் போட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா

இணைப்பு: பக்கம் 19, திருத்தியது.