சுரங்கத்துறை அமைச்சரும் ரோஜாப் பாத்தியும்

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்காரரின் ரோஜாப் பாத்தியில் இன்று ஒரு பள்ளம். பள்ளம் என்று எழுதுவது என் அடக்கம். எட்டிப் பார்த்தால் பூமியின் மறுபக்கத்தில் யாரோ துணி காயப்போடுவது தெரிகிறது. தோண்டியவர் என்னோடு தங்கியிருக்கும் அக்கா மகளின் நாய். வீட்டில் அவருக்குப் பெயர் அமைச்சர். துறை, சுரங்கம். மூக்கு நுனியில் மண்ணோடு, திறப்பு விழா முடித்த முகத்தோடு வாலாட்டினார்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். கிரகணம்கூட இதைவிட அடிக்கடி வரும். "இன்னொரு குழி விழுந்துச்சுன்னா நாய் இங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சார்."

அக்கா மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 6, வியாழன்

சமாதானத் தூதனாக நானே இறங்கினேன். குழியை மூடி, செடிகளை நிமிர்த்தி, கடையிலேயே உயர்ந்த உரமாகப் பார்த்து ஒரு மூட்டை வாங்கிப் பாத்தி முழுக்கக் கொட்டிக் கிளறினேன். வீட்டுக்காரர் நெகிழ்ந்துவிட்டார். "உங்களுக்கு இவ்ளோ அக்கறை இருக்கும்னு நினைக்கல சார்." நானும் நினைக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

போச்சு.

மார்ச் 8, சனி

பாத்தியில் செடி இல்லை. நாலு பேரரசுகள் மோதி ஓய்ந்த போர்க்களம் இருக்கிறது. வீட்டுக்காரர் கத்தவில்லை. "நாயை அனுப்ப மாசக் கடைசி வரைக்கும் டைம்" என்றார். கத்தியிருக்கலாம்.

"ஃப்ரெண்டு ஒருத்தி வச்சுக்கிறேன்னு சொல்றா மாமா. அவ வீடு பெருசு" என்றாள் அக்கா மகள், நாய்க் கயிற்றை மடித்து மடித்து. நல்லதுதானே பண்ணேன்? பண்ணி என்ன கிழிச்சேன்?

மார்ச் 10, திங்கள்

கால்நடை மருத்துவரம்மாவிடம் போனோம்.

"பாத்தியில என்ன போட்டீங்க?"

"முதல் தர எலும்புத்தூள் உரம்மா."

பேனாவை மூடி வைத்தார். "எலும்பை நீங்களே புதைச்சுட்டு, நாய் ஏன் தோண்டுதுன்னு கேக்க வந்திருக்கீங்க. நல்லவேளை, அவன் அதைத் தின்னு வைக்கல."

அக்கா மகள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

முதல் குழிக்கு என்ன காரணம் என்றேன்.

"தினமும் எவ்ளோ தூரம் நடக்குறான்?"

"இவ புது வேலையில சேர்ந்ததுல இருந்து நான்தான் கூட்டிட்டுப் போறேன். தெருமுனை வரைக்கும்."

"அங்க?"

"நான் டீ குடிப்பேன். அவன் என்னப் பாப்பான்."

"பகல் முழுக்க அவனுக்குப் பொழுது போகல சார். வெயிலுக்கு அடிமண்ணு வேற குளுகுளுன்னு இருக்கு. தோண்டாதன்னு சொன்னா கேக்க மாட்டான். எங்க தோண்டலாம்னு காட்டுங்க, கேப்பான்."

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் கெஞ்சிப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியோர நிழல் மூலையை வாங்கியாயிற்று. உரம் கலந்த மண்ணை அள்ளிவிட்டுப் புது மண், புதுச் செடி, சுற்றிக் கம்பிவலை. மூலையில் மணல் கொட்டிப் பந்தையும் பொம்மையையும் புதைத்தோம். அமைச்சர் புரியாமல் நின்றார். நானே மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டிக் காட்டினேன். உலகத்தின் எல்லா ஜன்னல்களும் அப்போதுதான் திறந்தன.

"மாமா, வால் மட்டும்தான் குறைச்சல்" என்றாள் அக்கா மகள்.

மார்ச் 19, புதன்

காலையும் மாலையும் பூங்காவைச் சுற்றி நடை. என் முழங்கால்கள் கூட்டறிக்கை விட்டுவிட்டன. பாத்திப் பக்கம் போனால் திட்டாமல் மூலைக்குக் கூப்பிடுகிறோம். அங்கே தோண்டினால் ஒரே கொண்டாட்டம். மதியம் அமைச்சர் தூங்குகிறார். நானும்.

மார்ச் 31, திங்கள்

கெடு இன்றோடு முடிகிறது. ரோஜாவில் ஒரு மொட்டு. பாத்தியில் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் நாய் இருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காலையிலிருந்து மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பின்பக்கம் சரசரவென்று சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் பழைய செருப்பு ஒன்றை மணலில் புதைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைக் கண்டார். முழங்கை வரை மணல்.

"கொஞ்சம் ஆழமாத்தான் வச்சிருக்கேன்" என்றார். "அமைச்சர அனுப்புங்க, பாப்போம்."

அக்கா மகள் மடித்து வைத்திருந்த நாய்க் கயிற்றைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.